பிரஷர் குறைகிறதா, தண்ணீர் வருகிறதா, சூடாகி நிற்கிறதா: ஸ்க்ரூ கம்ப்ரசர் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிக்கும் வழிமுறை

தொழிற்சாலையில் காற்று போதவில்லை என்றதும் பெரும்பாலான இடங்களில் முதலில் நடப்பது, கம்ப்ரசர் பேனலில் பிரஷர் செட்டிங்கை அரை பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) ஏற்றிவிடுவது. அந்த நேரத்துக்கு மெஷின் ஓடிவிடும். ஆனால் 7 பார் அளவில் ஒவ்வொரு பார் ஏற்றத்துக்கும் 6 முதல் 7 சதவீதம் மின்சாரம் கூடும். லீக்குகளும் ரெகுலேட்டர் இல்லாத மெஷின்களும் பிரஷர் ஏற ஏறக் கூடுதலாகக் காற்றைக் குடிக்கும். உண்மையான கோளாறு அப்படியே இருக்கும். அதனால் கீழே உள்ள எந்த அறிகுறியானாலும், காரணம் தெரியும்வரை செட்டிங்கில் கை வைக்காதீர்கள்.

கணக்குக்காக ஓர் அமைப்பை எடுத்துக்கொள்வோம். 50 எச்.பி. ஆயில் ஸ்க்ரூ கம்ப்ரசர் ஒன்று, 7 பாரில் சுமார் 225 சி.எஃப்.எம். (நிமிடத்துக்குக் கன அடி) தருவது, அதாவது நிமிடத்துக்கு 6.37 கனமீட்டர். 1000 லிட்டர் ரிசீவர் (காற்றைத் தேக்கும் டேங்க்), ரெஃப்ரிஜரேட்டட் டிரையர் (காற்றைக் குளிர்வித்து ஈரத்தைப் பிரிப்பது), முன்னும் பின்னும் ஃபில்டர், 2 அங்குல ஹெட்டர் (மெஷின்களுக்குக் கிளை பிரியும் முதன்மைப் பைப்). கோவை, திருப்பூர் பக்கம் நடுத்தர யூனிட்களில் சாதாரணமாகப் பார்க்கும் அளவு. ஷாப்பில் ‘கிலோ’ என்று சொல்வதையும் பாரையும் இங்கே ஒன்றாகவே கொள்ளலாம்.

கையில் வேண்டியவை: நன்றாகக் காலிபரேட் செய்த ஒரே ஒரு பிரஷர் கேஜ், அதன் அடியில் குயிக் கப்ளர் நிப்பிள், ஸ்டாப்வாட்ச், கிளாம்ப் மீட்டர், இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர், சோப்புத் தண்ணீர். ஒரே கேஜ் என்பதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. லைனில் ஏற்கெனவே மாட்டியிருக்கும் கேஜ்கள் ஒன்றுக்கொன்று 0.3 பார் வித்தியாசம் காட்டுவது சகஜம். நாம் தேடும் இழப்பே பல நேரம் அவ்வளவுதான் இருக்கும்.

எதையும் கழற்றும் முன் மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டுப் போடுங்கள். சம்ப் (கம்ப்ரசரின் ஆயில் தொட்டி), ரிசீவர், லைன் மூன்றிலும் பிரஷர் பூஜ்யமா என்று கேஜில் பாருங்கள். ஆயில் ஃபில் மூடியைத் திறக்கும்போது முதல் சுற்றிலேயே காற்று சீறினால் அங்கேயே நிறுத்தி, அடங்கும்வரை காத்திருங்கள்.

மெஷினில் பிரஷர் இறங்குகிறது

முதலில் ஒரு கேள்வி: மெஷின் காற்றில்லாமல் தவிக்கும் அந்த நேரத்தில் கம்ப்ரசர் லோடில் (காற்றை அழுத்தித் தந்துகொண்டு) ஓடுகிறதா, அன்லோடில் (காற்று தராமல் வெறுமனே சுற்றிக்கொண்டு) ஓடுகிறதா? அன்லோடில் இருந்தால் கம்ப்ரசரைத் தொடாதீர்கள், கோளாறு லைனில். முழு லோடில் ஓடியும் ரிசீவர் கேஜ் ஏறவில்லை என்றால் கம்ப்ரசர் குறைவாகத் தருகிறது, இல்லையேல் தேவை அதைத் தாண்டிவிட்டது.

லைன் கோளாறுக்கு ஒரே கேஜை ஐந்து இடங்களில் மாட்டுங்கள்: கம்ப்ரசர் அவுட்லெட், ரிசீவர், டிரையர்–ஃபில்டருக்குப் பிறகு, ஹெட்டரின் கடைசி முனை, மெஷினில் எஃப்.ஆர்.எல். (ஃபில்டர், ரெகுலேட்டர், லூப்ரிகேட்டர்) யூனிட்டுக்குப் பிறகு. எல்லா மெஷினும் ஓடிக்கொண்டிருக்கும்போது, லோடு நிறைந்த நேரத்தில் எடுங்கள். மெஷின் நின்றிருக்கும்போது கேஜ் எங்கும் 7 என்றே காட்டும். காற்று ஓடினால்தான் இழப்பு தெரியும்.

டிரையரும் ஃபில்டர்களும் சேர்ந்து 0.5 பாருக்குள், ஹெட்டர் கடைசி முனை வரை 0.3 பாருக்குள் இருக்க வேண்டும். ஃபில்டரில் மட்டும் 0.5 பார் விழுந்தால் எலிமென்ட்டை மாற்றும் நேரம் வந்துவிட்டது. ஃபில்டர் தலையில் இருக்கும் பச்சை–சிவப்பு இண்டிகேட்டரை மட்டும் நம்ப வேண்டாம், பல இடங்களில் அது பச்சையிலேயே சிக்கி நிற்கும். ஹெட்டரில் இழப்பு என்றால் பைப் சைஸ் போதவில்லை. 2 அங்குலப் பைப்பை 1.5 அங்குலமாகக் குறைத்தால் அதே காற்றுக்கு இழப்பு நான்கு மடங்குக்கு மேல் கூடும், ஏனெனில் இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்கைச் சார்ந்தது. யூனிட் விரிவாக்கும்போது பழைய ஹெட்டரின் வாலிலேயே புது மெஷின்களைச் சேர்த்துக்கொண்டே போவதுதான் இதன் வழக்கமான மூலம். இரு முனைகளையும் இணைத்து வளையமாக்கினால் காற்று இரண்டு பக்கமும் வரும், பாதிப் பிரச்சினை தீரும்.

ஆனால் மிகப் பெரிய இழப்பு பெரும்பாலும் கடைசிப் பத்தடியில்தான் இருக்கும். சிறிய குயிக் கப்ளர், தேவைக்கு மேல் நீண்ட 6 மி.மீ. டியூப், அடைத்துப்போன எஃப்.ஆர்.எல். ஃபில்டர் எல்லாம் சேர்ந்தால் 1 முதல் 1.5 பார் சாதாரணமாகப் போகும். எஃப்.ஆர்.எல். கிண்ணத்தைக் கழற்றி உள்ளே இருக்கும் வெள்ளை எலிமென்ட்டைப் பாருங்கள். அது பழுப்பாகி, விரலில் பிசுக்காக ஒட்டினால் மாற்றுங்கள். ஒரு சின்னச் சாமானுக்காக 50 எச்.பி. மெஷினை ஒரு பார் கூடுதலாக ஓட்டுவது எந்தக் கணக்கிலும் சரிவராது.

இனி கம்ப்ரசரே குறைவாகத் தரும் சந்தேகம். ரிசீவர் அவுட்லெட் வால்வை மூடுங்கள். ரிசீவரில் உள்ள தண்ணீர் முழுவதையும் டிரெயின் செய்யுங்கள். தண்ணீர் பிடித்த இடத்தில் காற்று நிற்காது, கணக்குத் தப்பும். பிரஷரை 3 பாருக்கு இறக்கி, கம்ப்ரசரை லோடில் ஓட்டி, கேஜ் 4-ஐத் தொடும்போது ஸ்டாப்வாட்சை அழுத்தி 6-ல் நிறுத்துங்கள். 1 கனமீட்டர் ரிசீவரில் 2 பார் ஏற 2 கனமீட்டர் காற்று வேண்டும். நிமிடத்துக்கு 6.37 என்றால் சுமார் 19 விநாடி. 25 விநாடி ஆனால் வெறும் 170 சி.எஃப்.எம்.தான் வருகிறது, கால் பங்கு காணோம். 4-க்குக் கீழே தொடங்காததற்குக் காரணம், சம்பில் குறைந்தபட்ச அழுத்தத்தைக் காக்கும் மினிமம் பிரஷர் வால்வு அந்த அளவில்தான் முழுதாகத் திறக்கும். ரிசீவர் வரையுள்ள பைப்பின் கொள்ளளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெப்பநிலைத் திருத்தம் சில சதவீதம்தான், கோளாறு பிடிக்க அது தேவையில்லை.

காற்று குறைந்தால் உடனே ஆம்பியரைப் பாருங்கள், பாதி பதில் அதிலேயே கிடைக்கும்.

- காற்றும் குறைவு, ஆம்பியரும் குறைவு: உள்ளே காற்றே போகவில்லை. ஏர் ஃபில்டர் அடைப்பு, அல்லது இன்டேக் வால்வு முழுதாகத் திறக்கவில்லை. வால்வுக்குப் போகும் கண்ட்ரோல் டியூபில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா, சோலனாய்டு வேலை செய்கிறதா பாருங்கள். பெல்ட் மாடலில் பெல்ட் வழுக்கினாலும் இதே அறிகுறிதான், கூடவே ரப்பர் வாசனை வரும்.
- காற்று குறைவு, ஆம்பியர் வழக்கம்போல்: அழுத்திய காற்று எங்கோ வெளியேறுகிறது. லோடில் ஓடும்போது புளோடவுன் வால்வின் (அன்லோடில் சம்ப் பிரஷரை வெளியே விடுவது) வெளிவாயில் கை வைத்தால் காற்று வரக்கூடாது. சேஃப்டி வால்வையும், திறந்தே சிக்கிக்கொண்ட ஆட்டோ டிரெயினையும் பாருங்கள். இவை எல்லாம் சரி என்றால் மட்டுமே ஏர் எண்ட் (காற்றை அழுத்தும் ஸ்க்ரூ பகுதி) தேய்மானத்தைப் பற்றி யோசியுங்கள். ஓவர்ஹால் கொட்டேஷன் கேட்பது கடைசி வேலை.
- காற்று குறைவு, ஆம்பியர் அதிகம்: செபரேட்டர் (காற்றிலிருந்து ஆயிலைப் பிரிக்கும் எலிமென்ட்) அடைப்பு. சம்ப் பிரஷருக்கும் அவுட்லெட்டுக்கும் இடையே புதிதில் 0.2–0.3 பார் இருக்கும். 0.8 பார் வந்தால் மாற்றுங்கள், மாற்ற வேண்டிய மணி நேரம் இன்னும் பாக்கி இருக்கிறதே என்று பார்க்க வேண்டாம்.

மெஷின்கள் எல்லாம் நின்ற பிறகும் கம்ப்ரசர் லோடு எடுக்கிறது

இது லீக். எவ்வளவு என்று அளக்க ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் போதும். எல்லா மெஷினையும் அணைத்து, லைன் வால்வுகளைத் திறந்தே வைத்து, கம்ப்ரசரை ஓட்டுங்கள். லோடில் இருக்கும் நேரம், அன்லோடில் இருக்கும் நேரம் இரண்டையும் குறைந்தது ஐந்து சுற்றுக்கு எழுதி சராசரி எடுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் லீக் பங்கு. லோடு 1.5 நிமிடம், அன்லோடு 4.5 நிமிடம் என்றால் 25 சதவீதம், அதாவது 56 சி.எஃப்.எம். வெறுமனே போகிறது.

வி.எஃப்.டி. (மோட்டார் வேகத்தைத் தேவைக்கேற்ப மாற்றும் டிரைவ்) மாடலில் லோடு–அன்லோடு கணக்கு செல்லாது. அங்கே கம்ப்ரசரை நிறுத்தி, பிரஷர் 7-லிருந்து 6-க்கு இறங்கும் நேரத்தை எடுங்கள். ரிசீவரும் பைப்பும் சேர்ந்து 1.5 கனமீட்டர், இறங்க 60 விநாடி என்றால் லீக் நிமிடத்துக்கு 1.5 கனமீட்டர், சுமார் 53 சி.எஃப்.எம்.

பணமாகப் பார்த்தால்தான் நிர்வாகம் கவனிக்கும். 7 பாரில் 3 மி.மீ. துளை ஒன்று சுமார் 22 சி.எஃப்.எம். விடும், அதற்கு ஏறத்தாழ 4 கிலோவாட். வருடம் 6000 மணி நேரம், யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 1,92,000 ரூபாய்.

சோப்புத் தண்ணீரோடு போகும்போது நேரான பைப்பில் தேடி நேரம் கழிக்காதீர்கள். குயிக் கப்ளர், டெஃப்லான் டேப் சுற்றிய திரெட், புஷ் ஃபிட்டிங்கில் சாய்வாக வெட்டிச் சொருகிய டியூப், எஃப்.ஆர்.எல். கிண்ணத்தின் ஓ-ரிங், சிலிண்டர் ராடு சீல், ஓட்டைவிட்ட ஹோஸ், முழுதாக மூடாத டிரெயின் காக்: பெரும்பங்கு லீக் இவற்றில்தான் இருக்கும். டியூபைக் கட்டர் வைத்து நேராக வெட்டி மறுபடி சொருகினாலே பாதி புஷ் ஃபிட்டிங்குகள் அடங்கிவிடும். சோலனாய்டு வால்வின் எக்ஸாஸ்ட்டில் தொடர்ந்து காற்று வந்தால் வால்வு ஸ்பூலோ சிலிண்டர் பிஸ்டன் சீலோ போயிருக்கிறது. சிலிண்டரின் இரு டியூபையும் கழற்றி வால்வு பக்கத்தை அடைத்துப் பாருங்கள். காற்று நின்றால் சிலிண்டர், நிற்காவிட்டால் வால்வு. ஓட்டத்தில் இல்லாத பழைய மெஷின்களுக்கு இன்னும் காற்று போய்க்கொண்டிருக்கும், அவற்றின் பால் வால்வை மூடி ஹேண்டிலைக் கழற்றி வையுங்கள்.

பி.வி.சி. பைப்பில் காற்று லைன் ஓடுகிறது என்றால் அதில் லீக் தேட வேண்டாம், லைனையே மாற்றுங்கள். அது வெடித்தால் சில்லாகச் சிதறும்.

லீக்கைப் பூஜ்யமாக்க முடியாது. 10 சதவீதத்துக்குள் வந்தால் நல்ல பராமரிப்பு. மூன்று மாதம் விட்டால் மறுபடி ஏறும், ஆகவே சோதனையைக் காலண்டரில் போட்டுவிடுங்கள்.

அடிக்கடி லோடு–அன்லோடு ஆகிறது

முதல் சந்தேகம் ரிசீவரில் தண்ணீர். 1000 லிட்டர் டேங்கில் 300 லிட்டர் தண்ணீர் நின்றால் அது 700 லிட்டர் டேங்க்தான். இரண்டாவது, பிரஷர் சென்சாருக்கும் ரிசீவருக்கும் நடுவில் ஏதாவது அடைத்திருப்பது. அடைத்த ஃபில்டருக்கு முன்னால் பிரஷர் சட்டென்று ஏறி கம்ப்ரசர் அன்லோடுக்குப் போகும். பின்னால் ரிசீவர் இன்னும் நிறைந்திருக்காது.

இரண்டும் சரியாக இருந்து, அப்போதும் டப் டப் என்று மாறிக்கொண்டிருந்தால் டேங்க் சிறியது. தேவை கம்ப்ரசர் திறனில் பாதியாக இருக்கும்போதுதான் சுற்று மிகக் குறுகலாகும். 1000 லிட்டர், 1 பார் இடைவெளி என்றால் அப்போது ஒரு முழுச் சுற்றே சுமார் 38 விநாடி, அதில் அன்லோடு 19 விநாடிதான். சம்ப் பிரஷர் வடிந்து மோட்டார் உண்மையிலேயே இளைப்பாற, பல மெஷின்களில் 30 முதல் 60 விநாடி பிடிக்கும். ஆக, பேனல் ‘அன்லோடு’ என்று காட்டினாலும் மீட்டரில் கரண்ட் பெரிதாகக் குறையாது. கிளாம்ப் மீட்டரை மாட்டி அன்லோடு நேரத்தில் முள் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பாருங்கள், கண்ணாலேயே தெரியும். 3000 லிட்டர் ஆக்கினால் அதே சுற்று கிட்டத்தட்ட 1 நிமிடம் 50 விநாடி ஆகும். பழைய நல்ல டேங்க் கிடைக்கிறது என்று வாங்குபவர்கள் சோதனைச் சான்றும் தகட்டின் தடிமன் அளவீடும் இல்லாமல் வாங்க வேண்டாம்.

சூடாகி டிரிப் ஆகிறது

லோடில் ஏர் எண்ட் டிஸ்சார்ஜ் 75 முதல் 95 டிகிரி வரை இயல்பு. 105–110-ல் பெரும்பாலான மெஷின்கள் டிரிப் ஆகும்.

முதலில் கம்ப்ரசர் காற்று இழுக்கும் வாயில் தெர்மாமீட்டரை வையுங்கள். வெளியே 36 இருக்கும்போது அங்கே 46 காட்டினால் மெஷின் தான் விட்ட சூட்டையே மறுபடி இழுக்கிறது. டக்ட் விலகியிருக்கும், அல்லது எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றிருக்கும். அறையைச் சரிசெய்யாமல் ஆயிலை மாற்றிப் பயனில்லை. உள்ளே போகும் காற்று ஒவ்வொரு 4 டிகிரி கூடும்போதும் ஏறத்தாழ 1 சதவீதம் மின்சாரம் கூடும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அறை சரி என்றால் மெஷினை நிறுத்தி, பிரஷர் இறங்கி, ஆயில் அடங்கிய பிறகு சைட் கிளாஸில் லெவல் பாருங்கள். லெவல் சரியாக இருந்தால் மீண்டும் ஓட்டி, ஆயில் கூலரின் உள் பைப், வெளிப் பைப் இரண்டின் சூட்டையும் அளந்து ஒப்பிடுங்கள். சம்ப் கொதிக்கிறது, கூலருக்குப் போகும் பைப் ஆறிக் கிடக்கிறது என்றால் ஆயிலைக் கூலருக்குத் திருப்பும் தெர்மல் வால்வு சிக்கியிருக்கிறது. உள்ளும் வெளியும் ஏறக்குறைய ஒரே சூடு என்றால் கூலர் வெளிப்புறம் அடைப்பு, அல்லது ஃபேன் சரியாகச் சுற்றவில்லை. வெளிப் பைப் நன்றாகக் குளிர்ந்திருந்தும் ஏர் எண்ட் சுடுகிறது என்றால் ஆயில் ஓட்டமே குறைவு: ஆயில் ஃபில்டர் அடைப்பு, அல்லது கூலருக்குள் வார்னிஷ் (கெட்டுப்போன ஆயிலின் பிசின் படிவு).

ஸ்பின்னிங் மில்களில் கூலர் மேல் பஞ்சு போர்வைபோல் படியும். ஃபவுண்டரியில் ஆயில் பிசுக்கோடு மணல் சேர்ந்து சிமெண்ட்டாகிவிடும். பஞ்சைக் காற்று போகும் திசைக்கு எதிர்ப்பக்கமிருந்து ஊதுங்கள், அதே திசையில் ஊதினால் இன்னும் உள்ளே போய்ச் சொருகும். பிசுக்குக்கு கூலரைக் கழற்றி கெமிக்கல் வாஷ்தான் வழி.

எதிர்ப்பக்கமும் உண்டு. 60–65 டிகிரியிலேயே ஓடும் மெஷினைப் பார்த்து மகிழ வேண்டாம். நம் ஊர் ஈரக் காற்றை 7 பாருக்கு அழுத்தினால் சுமார் 66 டிகிரிக்குக் கீழே சம்பிலேயே தண்ணீர் பிரியும். ஆயில் மோர்போல் வெளுக்கும், பேரிங் போகும்.

லைனில் தண்ணீர்

எவ்வளவு தண்ணீர் வர வேண்டும் என்று தெரியாததால்தான் இந்தக் கோளாறு இழுத்துக்கொண்டே போகிறது. 32 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம் உள்ள நாளில் நம் 225 சி.எஃப்.எம். மெஷின் முழு லோடில் மணிக்குச் சுமார் 9 லிட்டர் தண்ணீரை ஆவியாக உறிஞ்சுகிறது. ஆஃப்டர்கூலர் (அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் கூலர்) 40 டிகிரிக்குக் குளிர்வித்தால் அங்கேயும் ரிசீவரிலும் சேர்ந்து 6.5 லிட்டர், டிரையரில் 2 லிட்டருக்குச் சற்று மேல் வெளியேற வேண்டும். ஒவ்வொரு டிரெயினின் கீழும் வாளி வைத்து ஒரு மணி நேரம் பிடியுங்கள். ஆஃப்டர்கூலர் டிரெயினில் ஒரு டம்ளர்தான் வந்தால், மிச்சம் எங்கே போகிறது என்று சொல்ல வேண்டியதில்லை.

டிரெயினில் தண்ணீர் வரவில்லை: ஃப்ளோட் அல்லது டைமர் டிரெயினில் துரு அடைப்பு. ஸ்ட்ரெய்னரைக் கழுவுங்கள், டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள்.

டிரெயின்கள் சரி, ஆனாலும் தண்ணீர்: டிரையரின் பைபாஸ் வால்வைத் தொட்டுப் பாருங்கள். சர்வீஸுக்குத் திறந்து மூட மறந்த பைபாஸ், டிரையர் கோளாறு என்று வரும் புகார்களில் கணிசமான பங்கு. அடுத்து டிரையருக்குள் போகும் காற்றின் சூடு. 10 டிகிரி கூடினால் ஈரம் முக்கால் பங்கு வரை கூடும். 35 டிகிரி இன்லெட்டுக்குக் கொடுத்த கொள்ளளவை வைத்து வாங்கிய டிரையர் 50 டிகிரிக் காற்றில் திணறத்தான் செய்யும். அதற்கு மருந்து ஆஃப்டர்கூலரைச் சுத்தம் செய்வது. டிரையர் கண்டென்சரில் தூசு இருந்தால் ஊதிவிடுங்கள். இதற்குப் பிறகும் டியூ பாயின்ட் (காற்றின் ஈரம் தண்ணீராகப் பிரியத் தொடங்கும் வெப்பநிலை) 3–5 டிகிரிக்கு வரவில்லை என்றால் கேஸ் பிரஷர் பார்க்க ரெஃப்ரிஜரேஷன் ஆளைக் கூப்பிடுங்கள்.

ஒரே ஒரு மெஷினில் மட்டும் தண்ணீர் என்றால் அதன் கிளை ஹெட்டரின் அடியிலிருந்து எடுக்கப்பட்டிருக்கும். கிளையை மேலிருந்து வளைத்து இறக்குங்கள். ஹெட்டர் 100-க்கு 1 சரிவில் ஓடி, தாழ்ந்த முனையில் டிரெயின் இருக்க வேண்டும்.

காற்றில் ஆயில்

சம்பில் லெவல் அதிகமா பாருங்கள். அடுத்து ஸ்கேவெஞ்ச் லைன்: செபரேட்டரின் அடியில் சேரும் ஆயிலைத் திருப்பி இழுக்கும் மெல்லிய டியூப். அதன் சைட் கிளாஸில் லோடில் ஆயில் துளித்துளியாக ஓட வேண்டும். காய்ந்து கிடந்தால் ஆரிஃபிஸ் அடைப்பு. மெல்லிய கம்பியால் குத்தி அகலப்படுத்தாமல், கழற்றி ஊதிச் சுத்தம் செய்யுங்கள். இவை சரியென்றால் மினிமம் பிரஷர் வால்வு திறந்தே நிற்கிறதா, கடைசியாக வேறு கிரேடு ஆயில் கலந்து ஊற்றினார்களா என்று விசாரியுங்கள். கலந்த ஆயில் நுரைக்கும். எல்லாம் சரியாக இருந்தால்தான் செபரேட்டர் கிழிந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

பிஸ்டன் கம்ப்ரசர் வைத்திருப்பவர்களுக்கு

இரண்டு ஸ்டேஜ் மெஷினில் இன்டர்கூலர் (இரு ஸ்டேஜுக்கும் நடுவிலுள்ள கூலர்) கேஜ் ஒன்றே போதும். 7 பாருக்கு ஓடும்போது அது 1.8 முதல் 2.2 பார் காட்ட வேண்டும். ஏறினால் ஹெச்.பி. (உயர் அழுத்த ஸ்டேஜ்) வால்வு காற்றை விடுகிறது, இன்டர்கூலர் சேஃப்டி வால்வு வெடித்து வெடித்து ஊதும். இறங்கினால் எல்.பி. (குறை அழுத்த ஸ்டேஜ்) வால்வு அல்லது ஏர் ஃபில்டர்.

புகார் ஏதுமில்லை, பில் மட்டும் ஏறுகிறது

பேனலில் மொத்த மணியையும் லோடு மணியையும் குறித்துக்கொள்ளுங்கள். மாதம் 600 மணி ஓடி 380 மணிதான் லோடு என்றால் 220 மணி வெறும் ஓட்டம். அன்லோடில் ஸ்க்ரூ மெஷின் முழு லோடின் 25–35 சதவீதம் இழுக்கும். 12 கிலோவாட் என்று வைத்தால் 2640 யூனிட், 21,000 ரூபாய்க்கு மேல். இரண்டு கம்ப்ரசர் ஓடும் இடத்தில் இரண்டும் பாதி லோடில் இருந்தால் செட்டிங்குகள் ஒன்றோடொன்று மோதுகின்றன. ஒன்றை முழு லோடிலேயே ஓட வைத்து, மற்றதை, வி.எஃப்.டி. இருந்தால் அதை, ஏற்ற இறக்கத்துக்கு விடுங்கள்.

அடுத்து பவர் மீட்டரில் லோடு கிலோவாட்டை எடுத்து, மேலே சொன்ன ஸ்டாப்வாட்ச் சோதனையில் வந்த சி.எஃப்.எம்.-ஆல் வகுங்கள். 7 பாரில் 100 சி.எஃப்.எம்.-க்கு 17 முதல் 19 கிலோவாட் சரி. 22-ஐத் தாண்டினால் ஏர் ஃபில்டர், செபரேட்டர், சூடு என்று மேலே சொன்ன வரிசையில் போங்கள்.

பிறகு ஷாப்பில் ஒரு சுற்று. தரை கூட்டவும் சில்லு ஊதவும் திறந்த ஹோஸ் போட்டிருந்தால் நாசில் மாட்டிய ஏர் கன் கொடுத்து, அதற்கு முன் ரெகுலேட்டரை 2 பாரில் வையுங்கள். தொட்டியில் திரவத்தைக் கலக்கக் காற்று விடுகிறார்கள் என்றால் அங்கே புளோயர் போதும், 7 பார் காற்று வீண்.

இவ்வளவும் முடிந்த பிறகு செட்டிங்குக்கு வாருங்கள். 0.2 பார் இறக்கி ஒரு முழு ஷிப்ட் ஓட விடுங்கள், மறுபடி 0.2. ஏதாவது ஒரு மெஷின் ‘லோ பிரஷர்’ அலாரம் அடிக்கும் இடத்தில் ஒரு படி ஏற்றி நிறுத்துங்கள். பிறகு அந்த மெஷினின் கப்ளரையும் டியூபையும் கழற்றிப் பாருங்கள், அதைச் சரிசெய்தால் இன்னும் ஒரு படி இறக்கலாம்.